கோத்தகிரியில் சின்ன டிங்கரிங் பட்டறை: கம்ப்ரஸர் புதிதாக வாங்குவதா, பிளாக் வைத்துச் சேர்ப்பதா?

கோத்தகிரி_டிங்கர்:

எல்லோருக்கும் வணக்கம். 11 வருடம் மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் டிங்கரிங், பட்டி, பெயின்டிங் மூன்றும் பார்த்தேன். இப்போது சொந்த ஊரான கோத்தகிரியில் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். 20 அடிக்கு 30 அடி, தகரக் கூரை, ஒரு பக்கம் கல் சுவர். வரப்போவது பெரும்பாலும் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப், ஜீப், வாடகை கார். ஒரு நேரத்தில் ஒரு வண்டி, அதிகம் போனால் இரண்டு.

காற்று தேவைப்படும் வேலைகள் இவை: 1.4 நாசில் எச்விஎல்பி கன் (நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடும் பெயின்ட் கன்) ஒன்று, காற்றில் ஓடும் சாண்டர், எப்போதாவது இம்பாக்ட் ரெஞ்ச், டயருக்குக் காற்று.

நண்பர் ஒருவர் இரண்டு சிலிண்டர் பிளாக் (கம்ப்ரஸரில் காற்றை அமுக்கும் பம்ப் பகுதி) ஒன்று தருகிறார். போர் (சிலிண்டரின் விட்டம்) 80 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 60 மில்லி, இரண்டு சிலிண்டரும் ஒரே அளவு. புது ரிங் போட்டது. 3 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டாரும் இருக்கிறது. கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் 220 லிட்டர் டேங்க் ஒன்று பார்த்தேன். நல்ல கனம், வெளியே புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், விவரம் பொறித்த தகடு எதுவும் இல்லை. இதையெல்லாம் சேர்த்து நானே கட்டினால் போதுமா? அல்லது கடன் வாங்கியாவது 5 ஹெச்பி புது செட் எடுத்துவிடலாமா? ஷெட்டில் இப்போது சிங்கிள் பேஸ் கனெக்‌ஷன்தான்.

இன்னொரு சந்தேகம். கீழே நான் வேலை செய்த இடத்தில் 3 ஹெச்பி கம்ப்ரஸர்தான். ஒரு கன்னுக்குத் தாராளமாக வந்தது. இங்கே ஒரு பட்டறையில் அதே மாடலைப் பார்த்தேன், பாதி பானட் அடிப்பதற்குள் கேஜ் விழுந்துவிட்டது. மிஷின் கோளாறா, மலையில் எல்லாமே இப்படித்தானா?


கோவை_பாடிஷாப்:

3 ஹெச்பி தாராளம். நாங்கள் ஆறு வருடமாக அதில்தான் ஓட்டுகிறோம். நீங்கள் பார்த்த மிஷினில் வால்வ் பிளேட் கார்பன் பிடித்திருக்கும், இல்லாவிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கும். டேங்க் நல்ல கனமாக இருந்தால் எடுத்துவிடுங்கள்.


குன்னூர்_பெயின்டர்:

தம்பி, வால்வ் பிளேட்டாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மிஷின் முழு ஆரோக்கியமாக இருந்தாலும் கீழே கொடுத்த காற்றை இங்கே கொடுக்காது. கோவையில் சொல்லும் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) மேட்டுப்பாளையம் வரைக்கும்தான் உண்மை. கல்லார் தாண்டி ஏற ஏற அது குறையும்.

வீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, இல்லையா? அதே காரணம்தான். குன்னூர், கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம். ஊட்டியில் 76, 77. பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் அதே கொள்ளளவைத்தான் இழுக்கிறது, ஆனால் அந்த இடத்துக்குள் இருக்கும் காற்று ஐந்தில் நாலு பங்குதான். அது மட்டுமில்லை. கடல் மட்டத்தில் 8 பார் (கேஜ் காட்டும் அழுத்த அளவு) ஏற்ற காற்றை 9 மடங்கு அமுக்கினால் போதும். இங்கே கிட்டத்தட்ட 11 மடங்கு அமுக்க வேண்டும். அதனால் ஹெட் கூடுதலாகச் சுடும், ஊர் குளிராக இருந்தாலும்.

உங்கள் பிளாக்குக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். போர் 80, ஸ்ட்ரோக் 60 என்றால் ஒரு சிலிண்டர் சுமார் 300 சிசி, இரண்டும் சேர்ந்து 600. 1440 ஆர்பிஎம் மோட்டாரில் 6 இன்ச் புல்லி, பிளாக்கில் 12 இன்ச் வீல் போட்டால் 720 சுற்று. 0.6 லிட்டரை 720ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 430 லிட்டர் சொச்சம், அதாவது 15 சிஎஃப்எம். கடைக்காரர்கள் சொல்லும் எண் பெரும்பாலும் இதுதான். இது பிஸ்டன் அசையும் அளவு, வெளியே வரும் காற்று இல்லை. சிங்கிள் ஸ்டேஜ் பிளாக் 8 பாருக்கு ஏற்றும்போது அதில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். ஆக கீழே 10, 10.5. நம் உயரத்துக்கு அதில் 80 சதவீதம் எடுத்தால் 8.5.

உங்கள் எச்விஎல்பி கன் 10லிருந்து 12 வரை கேட்கும். 8.5 கொடுக்கிறீர்கள், 11 செலவாகிறது, நிமிடத்துக்கு 2.5 கடன். அந்தக் கடனை அடைப்பது டேங்க். 220 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கும்போது 31 கன அடி காற்று தரும். 31ஐ 2.5ஆல் வகுத்தால் 12 நிமிடம். ஒரு பானட், ஒரு கதவு, ஒரு கோட்டுக்கு 5 நிமிடம் போதும். அடுத்த கோட்டுக்கு முன்னால் 10, 15 நிமிடம் காயவிடத்தானே போகிறீர்கள்? அதற்குள் டேங்க் நிரம்பிவிடும். அதனால் பேனல் வேலைக்கு உங்கள் செட் போதும். முழு பிக்கப்பை ஒரே மூச்சில் அடிக்கப் போதாது.

உண்மையில் கம்ப்ரஸரைத் தின்னுவது கன் இல்லை, சாண்டர். பட்டி தேய்க்க ஆரம்பித்தால் அரை மணி, முக்கால் மணி கையை எடுக்க மாட்டோம். அது 12 சிஎஃப்எம்முக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கும். மிஷினுக்கு மூச்சு விட நேரம் கிடைக்காது. கரண்டில் ஓடும் ஆர்பிட்டல் சாண்டர் ஒன்று வாங்குங்கள். நான் அப்படித்தான் 3 ஹெச்பியில் ஏழு வருடம் ஓட்டினேன். 5 ஹெச்பிக்குக் கடன் வாங்குவதைவிட அது மேல். கன்னும் மாற்ற முடிந்தால், குறைந்த காற்றில் ஓடும் எல்விஎல்பி வகை இருக்கிறது. வேகம் குறைவு, ஆனால் பாதிக் காற்றில் வேலை முடியும்.

5 ஹெச்பி போவதாக இருந்தால் த்ரீ பேஸ் வாங்கிவிட்டுப் போங்கள். சிங்கிள் பேஸில் 5 ஹெச்பி ஓடும்போதே 25 ஆம்பியர் பக்கம் இழுக்கும், ஸ்டார்ட்டில் அதைப்போல் நாலைந்து மடங்கு. த்ரீ பேஸில் அதே மோட்டாருக்கு ஏழரைதான். எடுக்கும்போது டூ ஸ்டேஜ் பிளாக் எடுங்கள்: ஒரு சிலிண்டர் பெரியது, ஒன்று சின்னது, நடுவே சூடு ஆற்ற ஃபின் (மெல்லிய தகடு வரிசை) போட்ட குழாய் இருக்கும். 11 மடங்கை இரண்டு தவணையாக அமுக்குவதால் சூடு குறையும். அதில் சிசி கணக்குப் போடும்போது பெரிய சிலிண்டரை மட்டும் எடுக்க வேண்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. காற்று குறைவதை எப்படியாவது சமாளித்துவிடலாம். நம் ஊரில் பெயின்டைக் கெடுப்பது தண்ணீர்.

கடை ஆரம்பித்த வருடம், ஐப்பசி மாதம், குன்னூரில் ஒரு வாரமாக மூடுபனி விலகவே இல்லை. கறுப்பு நிறக் கார் ஒன்றுக்கு பானட்டில் கிளியர் (பளபளப்புக்குக் கடைசியில் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கோட்டில் கன் ஒரு தடவை 'துப்' என்று தும்மியது. பார்த்தால் ஈர கிளியரில் கடுகு அளவில் குழிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் அடிப் பெயின்ட் தெரிகிறது, சுற்றிலும் ஒரு விளிம்பு. மீன் கண் என்று சொல்வோமே, அதுதான். எண்ணி முடிக்க முடியவில்லை. அப்புறம் டேங்கின் அடி வால்வைத் திறந்தேன். டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, ஒரு பக்கெட்டில் கால் பங்கு. பானட்டை மொத்தமும் தேய்த்து, பேஸ் கோட்டிலிருந்து மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

கணக்குப் பாருங்கள். உங்கள் பிளாக் மணிக்கு 18 கன மீட்டர் காற்று இழுக்கும். 15 டிகிரி குளிரில், மூடுபனி நாளில், ஒரு கன மீட்டரில் 12, 13 கிராம் தண்ணீர் இருக்கும். மணிக்கு 200 கிராமுக்கு மேல், ஒரு டம்ளர். அமுக்கிய காற்றைத் திரும்ப 15 டிகிரிக்குக் குளிரவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீராகக் கீழே விழுந்துவிடும். 40 டிகிரி சூட்டோடு குழாயில் அனுப்பினால் 80 கிராமுக்கு மேல் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிப் போய், ஓஸில் குளிர்ந்து, கன் வாயில் தண்ணீராக நிற்கும். கம்ப்ரஸர் பக்கத்திலேயே ஃபில்டர் மாட்டுவது அதனால்தான் வீண். சூடான ஆவியை எந்த ஃபில்டரும் பிடிக்காது.

கீழே உள்ளவர்கள் இதற்கு டிரையர் வாங்குகிறார்கள். நமக்குக் குளிர் இலவசமாகக் கிடைக்கிறது. டேங்கிலிருந்து முக்கால் இன்ச் ஜிஐ குழாயை ஷெட்டுக்கு வெளியே எடுத்து, வெயில் படாத சுவர் ஓரமாக 25, 30 அடி ஓடவிடுங்கள். எட்டு அடிக்கு ஒரு இன்ச் சரிவு வேண்டும். கடைசியில் குழாயைக் கீழே இறக்கி அடியில் ஒரு டிரெயின் வால்வ், அதற்கு மேலே டி போட்டு உள்ளே எடுங்கள். உள்ளே வந்த பிறகு ஃபில்டர், ரெகுலேட்டர், கன் ஓஸ். வெளியே 12 டிகிரிக்குக் குளிர்ந்து தண்ணீரை விட்ட காற்று, உள்ளே 18 டிகிரிக்குச் சூடாகும்போது இன்னும் காய்ந்துவிடும், மறுபடி தண்ணீர் விடாது. உள்ளே ஓடும் குழாயிலும் கிளை எடுக்கும்போது குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்குங்கள். பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம். வெடித்தால் கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகப் பறக்கும்.

கம்ப்ரஸரை பெயின்ட் அடிக்கும் இடத்துக்குள் வைக்காதீர்கள். பிரஷர் ஸ்விட்ச் ஒவ்வொரு தடவையும் பொறி விடும், காற்றில் தின்னர் இருக்கும்.


கோத்தகிரி_டிங்கர்:

அண்ணா, ரொம்ப நன்றி. இவ்வளவு வருடம் கன் பிடித்திருக்கிறேன், உயரத்துக்கும் காற்றுக்கும் உள்ள இந்தக் கணக்கை யாரும் சொன்னதில்லை. சாண்டரை மாற்றிவிடுகிறேன். சுவர் ஓரக் குழாய்க்கு வடக்குப் பக்கம் இடம் இருக்கிறது. அந்தப் பக்கம் காலை 10 மணி வரை பாசி ஈரம் காயாது.

டேங்க் மட்டும் இன்னும் உறுத்துகிறது. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், கணீர் என்றுதான் சத்தம் வருகிறது.


டீ_ஃபேக்டரி_ஃபிட்டர்:

தம்பி, அந்த டேங்கை எடுக்காதீர்கள். நான் தேயிலைத் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்ப்பவன். பாய்லர், ஏர் ரிசீவர் (காற்று டேங்க்) எல்லாம் திறந்து உள்ளே பார்த்திருக்கிறேன். டேங்க் துருப்பிடிப்பது வெளியே இல்லை, உள்ளே, அடிவயிற்றில், தண்ணீர் நிற்கும் ஒரு விரற்கடை அகலப் பட்டையில். மேலே 5 மில்லி தகடு அப்படியே இருக்கும், அடியில் 2 மில்லிகூடத் தேறாது. மேலே தட்டினால் கணீர் என்றுதான் கேட்கும்.

220 லிட்டர் டேங்கின் முனை மூடி ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் விட்டம். 10 பாரில் அந்த ஒரு மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை சுமார் 16 டன். சரக்கு ஏற்றிய ஒரு லாரியின் எடை. அதைப் பிடித்து நிற்பது ஒரு வெல்டிங் கோடு. உங்கள் ஷெட்டில் அதன் பக்கத்தில் நீங்களும் ஒரு பையனும் உட்கார்ந்து பட்டி தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

டேங்கில் தகடு இருக்க வேண்டும்: எத்தனை பாருக்குச் செய்தது, எத்தனைக்கு டெஸ்ட் செய்தது, எந்த வருடம். நம் நாட்டில் இதற்கு ஐஎஸ் 2825 என்ற தரம் இருக்கிறது. தகடு இல்லாத டேங்க், அதுவும் புதுப் பெயின்ட் அடித்தது என்றால், அதற்கு முன்கதை இருக்கிறது.

பழைய டேங்கைச் சோதிப்பதாக இருந்தால் தண்ணீரால்தான் சோதிக்க வேண்டும். முழுக்கத் தண்ணீர் நிரப்பி, உள்ளே துளி காற்று இல்லாமல், கைப் பம்பால் வேலை செய்யும் அழுத்தத்தில் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பிடிப்பார்கள். தண்ணீர் அமுங்காது. அதனால் தகடு விட்டுப்போனால் ஒரு பீச்சு பீச்சிவிட்டு நின்றுவிடும். அதே அழுத்தத்தைக் காற்றால் ஏற்றிப் பார்க்கக் கூடாது. விட்டுப்போனால் டேங்க் வெடித்துப் பறந்துவிடும். கோவையில் டேங்க் செய்து சோதித்துத் தகடோடு கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. பிளாக்கும் மோட்டாரும் பழசாக இருக்கட்டும், டேங்கை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய கேஸ் சிலிண்டரை டேங்க்காக வெல்டிங் வைக்கும் பழக்கமும் இங்கே சில இடங்களில் பார்க்கிறேன். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சேப்டி வால்வ் டேங்கிலேயே நேராக இருக்க வேண்டும், நடுவில் எந்த அடைப்பு வால்வும் கூடாது. டேங்க் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்து உட்காரவையுங்கள். சிமென்ட்டில் இறுக்கி போல்ட் போட்டால் அதிர்வு முழுவதும் கால் வெல்டிங்கில் இறங்கி, கொஞ்ச நாளில் அங்கேதான் விரிசல் விடும்.


கொடைக்கானல்_கேரேஜ்:

எல்லாம் சொல்லிவிட்டார்கள். சிங்கிள் பேஸ் என்பதால் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எங்கள் கடை தெருவின் கடைசியில் இருக்கிறது. மாலை நேரத்தில் 190 வோல்ட்தான் வரும். 230க்கு 190 என்றால் மோட்டாரின் ஸ்டார்ட்டிங் பலம் 68 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காலையில் எண்ணெய் வேறு குளிரில் தேன் மாதிரி இருக்கும். மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகும், சுற்றாது, டிரிப் ஆகும். நான் இரண்டு கெபாசிட்டர் மாற்றிய பிறகுதான் கெபாசிட்டர் மேல் தப்பில்லை என்று புரிந்தது.

செய்தது மூன்று. மெயின் போர்டிலிருந்து கம்ப்ரஸருக்குத் தனியாக 4 ஸ்கொயர் ஒயர் இழுத்தேன். பிளாக் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்து விஜி 100 எண்ணெயை விட்டு அதைவிட இளகலான விஜி 68க்கு மாறினேன். அன்லோடர் வால்வைச் சுத்தம் செய்தேன். மோட்டார் நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு மூச்சு விட வேண்டும். அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் ஹெட்டில் அழுத்தம் அடைத்துக்கொண்டிருக்கிறது, அடுத்த ஸ்டார்ட்டில் அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும்.

எண்ணெய்க் கண்ணாடியைத் தினமும் பாருங்கள். மோர் நிறமாக மாறினால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். குளிரில் ஐந்து நிமிடம் ஓட்டி ஐந்து நிமிடம் நிறுத்தினால் பிளாக் சூடாகாது, ஈரம் உள்ளேயே தங்கும். மழைக்காலத்தில் நான் காலையில் டிரெயினைக் கொஞ்சம் திறந்துவிட்டு 20 நிமிடம் ஓடவிடுவேன்.


குன்னூர்_பெயின்டர்:

கொடைக்கானல்காரர் சொன்ன அந்த 20 நிமிடம் நானும் செய்வது. நல்ல பழக்கம்.

தம்பி, கட்டி முடித்த பிறகு யாருடைய வார்த்தையையும் நம்ப வேண்டாம், நீங்களே அளந்துவிடலாம். எல்லா வால்வையும் மூடுங்கள். கேஜ் 4 பார் காட்டும்போது செல்போனில் ஸ்டாப் வாட்ச் தட்டுங்கள், 8 பார் காட்டும்போது நிறுத்துங்கள். 220 லிட்டர் டேங்க் 4 பார் ஏறினால் கடல் மட்டக் கணக்கில் 870 லிட்டர் காற்று உள்ளே போயிருக்கிறது. 3 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 290 லிட்டர். 28.3ஆல் வகுத்தால் 10 சிஎஃப்எம். டேங்க் காற்று சூடாக இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும், ஆனால் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வேலைக்கு அரை நிமிடம் கூடினால் ரிங்கோ வால்வ் பிளேட்டோ போகிறது என்று தெரிந்துவிடும்.

புல்லியைப் பெரிதாக்கிச் சுற்றைக் கூட்டலாமா என்று தோன்றும். மோட்டார் ஆம்பியரைக் கிளாம்ப் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். 3 ஹெச்பிக்கு 720 சுற்று சரி.

இன்னொன்று, கம்ப்ரஸருக்குச் சம்பந்தமில்லாதது. காற்று எவ்வளவு காய்ந்திருந்தாலும் வண்டித் தகடு குளிர்ந்திருந்தால் அதன் மேலேயே பனி படியும். கிளியர் பால் ஊற்றினதுபோல் வெளுத்துவிடும். முந்தின ராத்திரியே வண்டியை உள்ளே ஏற்றிவிடுங்கள். கையின் பின்பக்கத்தைத் தகட்டில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் விளக்கு வைத்துச் சூடாக்கிவிட்டு அடியுங்கள். ஹார்ட்னர் கலந்த பெயின்டுக்குத் துணி முகமூடி எந்த விதத்திலும் போதாது. அந்த ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் வாசனையே காட்டாமல் நுரையீரலில் இறங்கும். வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகமூடிதான் சரி, அதுவும் நம் கம்ப்ரஸரின் எண்ணெய்க் காற்று இல்லை. காசு சேர்ந்தால் 5 ஹெச்பிக்கு முன்னால் அதை வாங்குங்கள்.


கோத்தகிரி_டிங்கர்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். டேங்க் கோவையிலிருந்து புதிதாக, தகடோடு வந்தது. 10 பார் வேலை, 15 பார் சோதனை என்று பொறித்திருக்கிறது. பிளாக்கும் மோட்டாரும் நண்பருடையதேதான். 4லிருந்து 8 பாருக்கு 3 நிமிடம் 25 செகண்ட், அதாவது 9 சிஎஃப்எம். அண்ணா சொன்ன 8.5க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சுவரில் எழுதிவிட்டேன்.

வடக்குச் சுவரில் 28 அடி குழாய். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கடைசி வால்வைத் திறந்தேன். அரை டம்ளர் தண்ணீர், தெளிவாக, ஐஸ் மாதிரி. டேங்கிலிருந்து தனியாகக் கொஞ்சம். உள்ளே ஃபில்டர் கிண்ணத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. பிக்கப் பானட்டும் இரண்டு கதவும் அடித்து முடித்தேன், கேஜ் 5 பாருக்குக் கீழே போகவில்லை. வெளியே அன்றைக்கு எதிர் வீடு தெரியாத மூடுபனி.

மார்கழியில் அந்த வெளிக் குழாயில் தண்ணீர் உறையுமா அண்ணா?


குன்னூர்_பெயின்டர்:

ஊட்டி அளவுக்கு உறைபனி உங்கள் பக்கம் விழாது. ஆனாலும் டிசம்பர், ஜனவரியில் வேலை முடிந்ததும் குழாய்க் காற்றை முழுக்க விட்டுவிட்டு, கடைசி வால்வைத் திறந்தே வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் மூடிவிட்டு மோட்டாரைப் போடுங்கள்.